ஜெபகுமார் வீட்டுக்குப் பொழுது சாயாத வருஷம்

"ஜெபத்துல என்ன ஏன் குத்துற? சொல்றதா இருந்தா நேரா என் மூஞ்சியப் பாத்து—"

"நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கினு இருந்தேன். உங்ககிட்ட யாரு—"

"—சொல்லணும்! 'ஞாயித்துக்கெழமையும் ஓ.டி.க்கு ஓடறவங்க மனசத் தொடும் ஆண்டவரே'ன்னா அது யாரு? இந்தத் தெருவுல ஞாயித்துக்கெழம ஓ.டி.க்குப் போறவன்—"

"உங்களுக்குச் சுருக்குன்னு இருந்தா அது ஆண்டவரோட வேல. என்னாண்ட ஏன் கேக்கறீங்க?"

"ஆமென் சொல்ல எனக்கு வாயே வர்ல, தெரியுமா?"

"அதான் பாத்தேனே!"

"கண்ண மூடி ஜெபம் பண்றவ எப்பிடிப் பாத்த?"

புருஷன் ஜெபகுமாரின் இந்தக் கேள்விக்கு மெர்சி பதில் தேடிக்கொண்டிருந்தபோது மண்ணூரில் மற்ற எல்லா வீடுகளுக்கும் பொழுது சாய்ந்து, சோறு தின்று கையும் கழுவியாகிவிட்டது. ஜெபகுமார் வீட்டுக்கு மட்டும் பொழுது சாயவில்லை. ஓட்டுக் கூரை, கிணற்றடி, வேலியோரத்து இரண்டு தென்னை, துணி காயப்போட்ட கொடி என்று அந்த மனைக்குள் இருந்த எல்லாவற்றின் மேலும் சாயங்கால மஞ்சள் வெயில் அப்படியே நின்றது. வேலிக்கு வெளியே நல்ல இருட்டு. உள்ளே போய் நின்றால் தென்னைக்குப் பின்னால் சூரியன் தெரிந்ததாகவும், தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் தெரியவில்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். அது 1991 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக் காந்திமதி வேலியருகே வந்து நின்று, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், தன் கஷ்டத்தை மட்டும் சொன்னாள்.

"யம்மா மெர்சி, எங்க வூட்டுக் கோழி ஒண்ணும் அடைய மாட்டேங்குது. எல்லாம் வேலியத் தாண்டி உங்க வெயில்ல மேஞ்சிக்கினு கீது. சீக்கிரம் பேசி முடிங்க."

காரணம் ஜெபகுமாருக்குத் தெரிந்துதான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்தது. வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஆண்டவர் தரும் வாக்கு என்று வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைப் போதகர் தட்டில் குவித்து வைப்பதும், குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வதும், அந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு என்று கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டுவதும் மண்ணூர் சபையில் வழக்கம். வீட்டில் சின்னது யாரோ அவர்கள் கைதான் எடுக்க வேண்டும். ஜெபகுமார் வீட்டில் ஒரே மகள், பதினாலு வயது மதிவதனி. அவள் எடுத்த அட்டையில் ஆசீர்வாதமும் இல்லை, நீடித்த ஆயுளும் இல்லை. பொழுது சாய்வதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. போதகர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வாக்குத்தத்தமே இல்லப்பா, கட்டளை. அச்சாபீஸ்ல கலந்துட்டாங்க. வேற ஒண்ணு எடுக்கச் சொல்லு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபகுமாரின் கோபம் சபை முழுக்கத் தெரிந்த சமாசாரம். அந்தச் சிரிப்பினால்தான் அவன் மாற்ற மறுத்தான். "ஆண்டவர் குடுத்தத மாத்தறதுக்கு நான் யாரு ஐயா?" என்று சொல்லி, மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தான். கட்டளை ஒன்றை வாக்குத்தத்தம் என்று மாட்டி வைத்தால் அது வாக்குத்தத்தமாகவே நடந்துகொள்ளும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் கோபம் போக வேண்டும் என்றால், கோபம் போகிறவரை பொழுது காத்திருக்கும். அந்த வீட்டில் அது அப்படித்தான் நடந்தது.

அந்த முதல் நாள் ஜெபகுமார் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி, மன்னிச்சிக்கோ, போ" என்றான். சூரியன் ஒரு தென்னங்கீற்று அளவு இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. அதன் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்பதாக அவன் சொன்னான். ஜெபத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது உண்மைதான், அப்படி ஜாடையாக ஜெபம் பண்ணியதும் தப்புதான் என்று அவள் சொன்னாள். வெயில் போயிற்று. கோழிகள் இருட்டில் வழி தெரியாமல் கிணற்றடியிலேயே படுத்துக்கொண்டன.

பிறகு அது பழகிவிட்டது. வீட்டுக்குள் சண்டை என்றால் ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது என்பதால், மெர்சி தன் வழக்குகளையெல்லாம் விடியற்காலையில் எடுக்க ஆரம்பித்தாள். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் லைனில் ஜெபகுமாருக்கு வேலை. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மத்தியானம் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் சமாதானம் ஆகியிருக்க வேண்டும். ஆகாத நாளில் மெர்சி பஸ் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே கூட வருவாள். டிரைவர் கோபால் என்ஜினை அணைக்காமல் காத்திருப்பான். "அண்ணி, பஞ்ச் லேட்டாவுது. மிச்சத்த நாளைக்கு வெச்சிக்கினு இன்னிக்கி மன்னிச்சி அனுப்புங்க" என்பான். பஸ் முழுக்க ஜன்னலோரம் வந்து பார்க்கும். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, இருட்டில் எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் போலீஸ் வந்து விசாரித்த நாட்களில், ஜீப் ஒன்று அந்த வீட்டு வாசலிலும் நின்றது. என்ன வெளிச்சம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "சண்ட சார்" என்றான் ஜெபகுமார். யாருக்கும் யாருக்கும் என்று கேட்டார். "எனக்கும் எங்க வூட்டுக்காரிக்கும்." அவர் அட்டையைப் படித்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது கட்டுப்படியாவாது" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த வருஷத்தோடு அது முடியவும் இல்லை; வெகு வருஷம் கழித்து, இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனிகள் வந்து, பின்கட்டில் அறை கேட்டுப் பையன்கள் வந்தபோதும் மெர்சி முதலிலேயே சொல்லிவிடுவாள்: "தண்ணிக்குக் கொறவில்ல, கரண்ட்டும் கீது. சில நாள் பொழுது சாய லேட்டாவும்."

இதில் நன்மையும் இருந்தது. மெர்சி வற்றல் பிழிந்தால் மழைக்காலத்தில்கூட ஒரே நாளில் காய்ந்தது. காந்திமதி மிளகாய் வாங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இன்னிக்கி சண்ட உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரப்புவாள். இன்னொன்று, பேசி முடிக்காமல் படுக்க முடியாது என்று ஆனதில் அந்தப் புருஷன் பெண்சாதிக்குப் பேசப் பழகிவிட்டது. முதலில் மன்னிப்புக் கேட்பது யார் என்ற போட்டியில், கேட்காமல் இருப்பவர் தோற்றவர் என்று மாறியது. மதிவதனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் பண்ணும்போது, ஜாடை இல்லாமல், "அம்மாவோட பேச்சு எனக்குக் கஷ்டமா இருந்திச்சி ஆண்டவரே, இப்ப பரவால்ல" என்று தன் முறையில் சொல்லுகிற அளவுக்கு வந்தாள். மெர்சிக்கு அதில் பெருமை. ஜெபகுமாருக்கும் பெருமைதான், அது தன் பக்கம் திரும்புகிறவரை.

செப்டம்பரில் வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டு முறையாக வந்தது. போதகர் வந்திருந்தார், சபை மூப்பர்கள் வந்திருந்தார்கள், ஜெபகுமாரின் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரைக்கூட அவனே அழைத்திருந்தான். சுண்டலும் காப்பியும் தயாராக இருந்தன. பிள்ளைகளில் ஒருவர் ஜெபம் பண்ணட்டும் என்று போதகர் சொல்ல, மதிவதனி முழங்கால் போட்டாள். மழைக்கும், பரீட்சைக்கும், ஊருக்கும் ஜெபித்துவிட்டு, வீட்டில் வழக்கமாகச் சொல்வதுபோலவே, "எங்கப்பா கோவம் வந்தா தட்ட வீசறாரு ஆண்டவரே. அம்மாவும் நானும் பயப்படறோம். அவருக்கு உதவி செய்யும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள். கூட்டம் முடிந்து வாசலில் ஆட்கள் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜெபகுமார் மகளை அறைந்தான். "ஜெபத்துல கோள் சொல்றியா? யார் கத்துக் குடுத்தது?" என்றான். காப்பி டம்ளர் ஒன்று உருண்டு படியில் விழுந்தது. மதிவதனி அதை எடுத்துக் கழுவப் போனாள்.

அன்று அந்த வீட்டுக்குப் பொழுது சாயவில்லை. மறுநாளும் சாயவில்லை.

இன்னும் கோபமா என்று ஜெபகுமார் மெர்சியிடம் கேட்டான். அவள் அன்றே வாய் வலிக்கச் சண்டை போட்டு முடித்திருந்தாள், அவனும் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான், பாக்கி எதுவும் இல்லை. மகளிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே பிள்ளைகளுக்கு அடம் வரும், காய்ச்சல் வரும், ஆனால் கோபம் என்று ஒன்று வரும் என்பது யார் கணக்கிலும் இல்லை. அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் "இன்னாப்பா" என்று வந்தாள், தண்ணீர் கேட்டால் கொண்டு வந்தாள். ஆகவே ஜெபகுமார் வெளியே தேடினான். தென்னை ஓலை விழுந்து ஓடு உடைந்த தகராறில் பேசாமல் இருந்த காந்திமதி புருஷன் நாகப்பனிடம் போய், "நாகப்பண்ணே, தப்பு என்னிது" என்றான். நாகப்பன் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டான். ஒரகடத்தில் இருக்கும் அண்ணனிடம், அப்பா சாவுக்குப் பிறகு போகாத வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு வந்தான். லைனில் தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த இரண்டு மாதத்தில் மண்ணூரிலிருந்து மறைமலை நகர் வரை ஜெபகுமாருக்கு விரோதி என்று ஒருவரும் மிச்சமில்லை. சூரியன் மட்டும் தென்னைக்குப் பின்னால் அப்படியே நின்றது.

மழைக்காலம் வந்தது, அந்த வீட்டின் மேல் மழையும் வெயிலுமாகப் பெய்தது. மல்லிகை எப்போது மலர்வது என்று தெரியாமல் மொட்டிலேயே பழுத்தது. காந்திமதியின் கோழிகள் ஒரே நாளில் இரண்டு தடவை முட்டையிட்டன, அதைப் பற்றி அவள் வெளியில் பேசவில்லை. மற்றபடி வீட்டில் தூக்கம் போயிற்று. ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள், ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக இறங்கியது. அட்டையைக் கழற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள், சுவரில் அது இருந்த இடம் சதுரமாக வெளுத்துத் தெரிந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. மதிவதனிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. காஞ்சிபுரத்தில் மிஷன் ஹாஸ்டலில் இடம் இருப்பதாகவும், அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அங்கேயே சேர்ந்துகொள்வதாகவும் அவளே சொன்னாள். "இங்க தூக்கம் வர்ல" என்று மட்டும் காரணம் சொன்னாள். ஜெபகுமார் அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கி வந்தான், எது ராத்திரி என்று தெரிந்துகொள்ள உதவும் என்று. அவள் வாங்கி, "தேங்க்ஸ்பா" என்று சொல்லி, கையில் கட்டிக்கொண்டாள். சூரியன் அதற்கும் அசையவில்லை.

கண்டுபிடித்தது மெர்சி. குடும்ப ஜெபம் முடியும்போது மூன்று பேரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வார்கள். அதில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று வருகிற இடத்தில் ஒரு குரல் குறைந்தது. அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவள் புருஷனிடம் சொன்னாள்.

"உங்க பொண்ணு அந்த எடத்துல வாய மூடிக்கிறா."

"கண்ண மூடிக்கினு எப்பிடிப் பாத்த?"

"பாக்கல. கேட்டேன்."

அவன் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு, "அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? பெத்தவன் புள்ளகிட்ட மன்னிப்பு கேக்கறதா? எந்த வூட்ல நடக்குது இது? எங்கப்பா என்ன பெல்ட்டால அடிச்சாரு, மாட்டுக் கொட்டாய்ல கட்டிப்போட்டாரு. கேட்டாரா?"

"கேக்கல. அதான் அவர் சாவுக்கு உங்களுக்கு அழுவ வர்ல."

அவன் சட்டையை எடுத்து மாட்டினான். போதகரிடம் போனான். அப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கக் கூடாதுன்னு எங்க இருக்குன்னு நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். எனக்கும் ரெண்டு பசங்கப்பா" என்றார். அன்று சாயங்காலம் போதகர் தன் மூத்த மகனோடு ஏரிக்கரையில் வெகுதூரம் நடந்து போனதைச் சிலர் பார்த்தார்கள். ஜெபகுமார் அதைக் கேள்விப்பட்டும் மகளிடம் போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. கேக் வெட்டினார்கள், தெருவுக்குப் பலகாரம் கொடுத்தார்கள், வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்தது வெயிலில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தால் ஹாஸ்டல். டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. அம்மா கொடுத்த வேதாகமம் மேலே இருந்தது. மெர்சி வெளியே போய்த் தென்னைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு இவ போனா வெயிலு இவ கூட போவுமா, இங்கியே நிக்குமா?" என்றாள்.

"எங்க போனா இன்னா," என்றான் ஜெபகுமார்.

"அவ போயிட்டு லீவுக்கு வருவா. கூப்ட்டா இன்னாப்பான்னுவா. அவ்ளோதான் வருவா. உங்கப்பா வூட்டுக்கு நீங்க போனீங்களே, அதுமாதிரி."

கடிகாரம் ஏழு அடித்தது. காந்திமதி அன்று மத்தியானமே பெரிய பாயில் மிளகாய் பரப்பிவிட்டுப் போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் இருட்டில் இருந்தது. மூன்று பேரும் நடுவீட்டில் முழங்கால் போட்டார்கள். மதிவதனி தன் முறையில் பயணத்துக்காகச் சுருக்கமாக ஜெபித்தாள். மெர்சி ஜெபித்தாள். ஜெபகுமாரின் முறை வந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"அன்புள்ள ஆண்டவரே... கோவத்துல கை நீட்டிட்டேன். அடியேன் பண்ணது—"

"அவர்கிட்ட அப்பறம் பேசிக்கலாம்," என்றாள் மெர்சி. கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பக்கத்துலதான் இருக்கா. அவகிட்ட சொல்லுங்க."

ஜெபத்தை நடுவில் நிறுத்துவது அந்த வீட்டில் நடந்திராத காரியம். ஜெபகுமார் கண்ணைத் திறந்தான். மகள் கண்ணை மூடி, கைகளைக் கோத்து, முழங்காலில் நேராக இருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை அவன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"மதி," என்றான். "உன்ன அடிச்சது தப்பும்மா."

தென்னையின் நிழல் கொஞ்சம் நீண்டு, வாசற்படி வரை வந்து நின்றது. அவன் அதைப் பார்த்தான். அவளும் அரைக்கண்ணால் பார்த்தாள். அத்தோடு எழுந்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும், முழங்கால் வலி வேறு. எழுந்திருக்கவில்லை.

"நீ சொன்னது பொய்யா இருந்தா அடிச்சிருக்க மாட்டேன்," என்றான். "நெசமா இருந்திச்சி. எல்லாருக்கும் முன்னால நெசமா இருந்திச்சி. அதான் அடிச்சேன். நீ பயப்படறது எனக்குத் தெரியாது. தெரியும்... தெரிஞ்சிக்கினே தெரியாத மாதிரி இருந்தேன். என்ன மன்னிச்சிரும்மா. நீ மன்னிக்கலன்னாலும் சரி, தப்பு என்னிதுதான்."

மதிவதனி கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். மெர்சிதான் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தாள், ஜெபகுமார் சேர்ந்துகொண்டான், மகளின் குரலும் சேர்ந்தது. அந்த வரி வந்தது. இரண்டு குரல்தான் கேட்டது. வரியின் பாதியில் மூன்றாவது குரல், முதல் தடவை படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாக, வந்து சேர்ந்தது. மற்ற இரண்டு குரல்களும் அதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டன. ஆமென் சொல்லும்போது கொடியில் இருந்த துணிகளின் நிறம் போய், பிறகு கொடியே தெரியாமல் போயிற்று. கிணற்றடி போயிற்று, மிளகாய்ப் பாய் போயிற்று. வாசலில் காகித நட்சத்திரம் சிவப்பாக எரிவது முதல் தடவையாகத் தெரிந்தது. மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை, வீட்டுக்குள் விளக்குப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை. இருட்டில் மதிவதனி எந்தப் பக்கம் சாய்ந்தாளோ, அந்தப் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். அது அப்பாவின் தோள். அவன் அசையாமல் இருந்தான்.

வேலியின் மேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாந்தர் உயர்ந்தது.

"யம்மா மெர்சி! மொளகா பாதிகூட காயலியேம்மா... இன்னும் கொஞ்ச நேரம் கோவமா இருந்தா இன்னா?"